இசக்கியம்மாள் கடைக்கு ஒரு தலைக்கோடு

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் தகரப்பெட்டியோடு ஒரு ஆள் மாட்டுங்கா லேபர் கேம்ப் முனையில் நின்றுகொண்டு என்னிடம் வழி கேட்டான்.

“அண்ணாச்சி, இங்கன இசக்கியம்மா சாப்பாட்டுக் கடைன்னு சொன்னாவ. எங்க இருக்கு?”

அவன் நின்றதே அந்தக் கடையின் வாசலில்தான். அவன் தலைக்கு மேலே பெட்டி. பெட்டிக்கு மேலே பலகை. பலகையில் ‘இசக்கியம்மாள் சாப்பாட்டுக் கடை’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்.

“மேல பாரும்வே” என்றேன்.

பெட்டியை இறக்கி வைத்தான். கழுத்தைத் தடவிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அது இந்தி போர்டுல்லா அண்ணாச்சி?”

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் பெட்டியை எட்டி உதைத்திருப்பேன். அவன் என்ன செய்வான்? நாசரேத் பக்கத்துக்காரன், அன்று காலையில்தான் தாதரில் இறங்கியிருக்கிறான். ஆனால் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அவன் மேலா, பலகை மேலா, பலகையை அப்படி எழுதச் சொன்னவள் மேலா, அப்படி எழுதிய என் கையின் மேலா?

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் “பம்பாயில் ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டாயாமே, எதைப் பார்த்து எழுதுகிறாய்?” என்று கேட்கிறீர்கள். இந்தப் பலகையின் கதையைச் சொல்கிறேன். பதில் அதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அகப்படவில்லை.

2

குர்லாவில் ஒரு பட்டறையில் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. லாரிக் கதவு, மருந்துக்கடை, தையல்கடை, பல் டாக்டர் என்று எது வந்தாலும் எழுதுவேன். என்னோடு ஷிண்டே என்று ஒரு மராத்திக்காரன் இருக்கிறான். அவன் வாய் மூடினால் பட்டறையே செத்ததுபோல் இருக்கும்.

எதைப் பார்த்து எழுதுகிறேன்? திருட்டுத்தான். வேறு பெயர் எதற்கு? தீப்பெட்டிப் படம், மில் துணிக் கட்டில் ஒட்டி வரும் தங்க நிறச் சீட்டு, பிஸ்கட் டின், ரயில்வே ஸ்டேஷனின் மஞ்சள் பலகை. குர்லா ஸ்டேஷன் பக்கத்தில் பழைய பேப்பர்க் கடை ஒன்று உண்டு. ‘ரத்தி’க் கடை என்பார்கள். கப்பலில் வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளை அங்கே எடைக்குப் போடுகிறார்கள். ஒன்றில் டைப்ரைட்டர் விளம்பரம் ஒன்று பார்த்தேன். பக்கம் முழுக்கக் காலி, கீழே மூலையில் நாலே எழுத்து. முதலில் சிரிப்பு வந்தது. காகிதத்தை இப்படியா வீணாக்குவான்? ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்த நாலு எழுத்துதான் கண்ணில் நின்றது. பக்கம் நிறைய எழுதியிருந்த மற்ற எதுவும் ஞாபகத்தில் இல்லை. மறுநாள் ஒரு கடைக்காரரிடம், “சேட், போர்டில் பாதியைக் காலியாக விடலாம்” என்றேன். “அப்படியானால் பாதிக் கூலி” என்றார். கலையைப் பற்றி பம்பாயில் நான் நடத்திய முதல் பேச்சு அது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. திருநெல்வேலி ஜங்ஷனில் சினிமா பானர் எழுதியபோது, வெள்ளைப் பொடி தடவிய நூலைப் பலகையின் அடியில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவேன். கோடு விழும். எழுத்தை அந்தக் கோட்டின் மேல் உட்கார வைப்பேன். தமிழ் எழுத்து உட்காருகிற எழுத்து. மராத்தி எழுத்து அப்படியல்ல; இந்திக்கும் அதே எழுத்துதான். நூலை மேலே சுண்ட வேண்டும். அந்தத் தலைக்கோட்டிலிருந்து எழுத்துகள் துணி காயப்போட்டதுபோல் வரிசையாகத் தொங்கும். வந்த புதிதில் என் மராத்தி எழுத்தெல்லாம் காற்றில் ஆடும். ஷிண்டே, “உன் துணி காயவில்லை பாய், கிளிப் போடு” என்பான். பிறகு பழகிவிட்டது. இந்தக் கை வருஷக்கணக்காக மேலே நூல் சுண்டிய கை.

என் மகள் செல்வி முனிசிபல் பள்ளியில் இந்தியில் படிக்கிறாள். தமிழ்ப் பள்ளியில் போடவில்லையா என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு நாள் தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினாள். நானே சொல்லிக் கொடுத்த எழுத்துகள், ஒன்றும் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு.

“தமிழுக்குக் கோடு கிடையாது” என்றேன்.

“அரே அப்பா, லைன் போடலேன்னா அட்சரமெல்லாம் கீழ விழுந்துடாதா?”

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டாள். நான் கோட்டை அழித்தேன். அவள் அழுதாள். சாப்பாடு முடிந்து பார்த்தால் மறுபடி கோடு போட்டு வைத்திருந்தாள்.

3

இசக்கியம்மாள் சாத்தான்குளம் பக்கத்தவள். புருஷன் மில்லில் வேலை பார்த்துச் செத்துப்போனான். அடுப்பு ஒன்று, பெஞ்சு மூன்று, அவ்வளவுதான் கடை. ஊரிலிருந்து வேலை தேடி வரும் பையன்களிடம் அவரவர் வீட்டில் அவள் பெயரைத்தான் சொல்லி அனுப்புவார்கள். ரயிலிலிருந்து இறங்கியவன் முதல் சோறு அவளிடம் தின்பான். பிறகு எங்கே வேலை கிடைத்தாலும் அங்கேயே மாதக் கணக்கு வைப்பான். ஆகவே பெட்டியோடு வருகிறவன் அவள் கடையைக் கண்டுபிடிப்பதில்தான் அவள் பிழைப்பு இருக்கிறது. அவன் நேரே நடந்து அடுத்த மெஸ்ஸுக்குப் போய்விட்டால் போனவன் போனவன்தான்.

இங்கே நடப்பது உங்களுக்குப் பத்திரிகையில் வந்திருக்கும். மதராஸிகள் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடுகிறார்கள். ஊர்வலம் போகிறது. போகிற வழியில் தென்னாட்டு எழுத்தில் பலகை இருந்தால் கல் விழுகிறது. இசக்கியம்மாளின் பழைய பலகை ஒரு சாயங்காலம் இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. நல்லவேளை, அவள் தலையில் விழவில்லை.

அதே சமயத்தில் நீங்கள் ஊரில் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிக்கொண்டிருந்தீர்கள். பூசுங்கள், எனக்கு அதில் தகராறு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தார் பூசுகிற அந்த எழுத்தை எழுதித்தான் இங்கே நான் சோறு தின்கிறேன். என் சொந்த எழுத்துக்கு இங்கே கல்லடி. இரண்டு பக்கமும் எழுத்தைத்தான் அடிக்கிறார்கள். எழுத்து எழுதுகிறவன் எந்தப் பக்கம் நிற்பது? யாராவது தெரிந்தால் எழுதுங்கள்.

பலகை உடைந்த மறுநாள் இசக்கியம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“ஏ தம்பி, புது போர்டு ஒண்ணு எழுதணும். ஊர்க்காரன் வாசிக்கணும். கல்லெறியுதவன் வாசிக்கப்படாது.”

“அது எப்படிக்கா முடியும்? ரெண்டு பேருக்கும் கண்ணு ஒண்ணுதானே?”

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஒன்னக் கூப்பிடுதேன்? நீதான ஆர்ட்டிஸ்டு. புளிக்கொழம்பு எப்படி வைக்கதுன்னு நான் ஒன்ட்ட கேட்டனா?”

“மராத்தியில எழுதிருவமா?”

“எழுது. நாசரேத்துக்காரன் மராத்தி படிச்சிட்டா பெட்டியத் தூக்கிட்டு வாரான்?”

“அப்ப இங்கிலீஷ்ல?”

“ஏ, அவன் இங்கிலீஷ் படிச்சா என் கடைக்கு ஏன் வாரான்? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவுல நெய் தோசைல்லா திம்பான்.”

லைசென்ஸ் விஷயமாக வார்டு ஆபீசுக்கும் போனோம். என்ன மொழியில் எழுதலாம் என்று கேட்டால் அங்கிருந்த கிளார்க், “எந்த மொழியிலும் எழுதலாம்” என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “ஆனால் ஏன் எழுத வேண்டும்?” என்றார். நல்ல மனுஷன்தான். அவர் சொன்னது அனுமதியா எச்சரிக்கையா என்று வெளியே வந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

திரும்பும் வழியில் இசக்கியம்மாள் நின்றுவிட்டாள்.

“ஏ தம்பி, ஒம்மவ சிலேட்டுல எழுதுவாள்லா, மேல கோடு போட்டு? அன்னைக்கு நான் தூரத்துல இருந்து பாத்துட்டு இந்தின்னுல்லா நெனச்சேன். கிட்டப் போயில்லா தமிழ்னு தெரிஞ்சிச்சு. அது மாதிரி எழுதிப் போடு.”

“மாட்டேன்” என்றேன்.

“ஏன்?”

“தமிழுக்குத் தலையில கோடு போட மாட்டேன். கைய வெட்டிப் போட்டாலும் மாட்டேன்.”

“ஒன் கைய எவன் கேட்டான்? என் தலைய ஒடைக்கான். அதுக்கு ஒரு வழி சொல்லு.”

நான் குர்லாவைப் பார்த்து நடந்தேன்.

4

ஒரு வாரம் ரத்திக் கடையில் கிடந்தேன். கடைக்காரன் என்னை எழுந்து போகச் சொல்லும்வரை பழைய சீட்டுகளைப் புரட்டினேன். மில் துணிச் சீட்டு ஒன்றில் இரண்டு யானை, நடுவில் ஒரு மாலை. அந்த மாலையிலிருந்து கம்பெனியின் பெயர் தொங்கியது. எந்த நாட்டுக்குப் போன துணியோ, எந்த எழுத்தோ, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த எழுத்துகள் மாலையில் பூ மாதிரி இயல்பாகத் தொங்கின. யாரும் அவற்றைத் தூக்கில் போட்டதாகத் தெரியவில்லை.

அங்கேயே தரையில் கரியால் போட்டுப் பார்த்தேன். பலகை முழுவதும் நீளமாக ஒரு வாழையிலை. சாப்பாட்டுக் கடை, இலை போட்டால் யார் கேட்பார்கள்? இலையின் நடுநரம்பு நேர்கோடு. அந்த நரம்பிலிருந்து எழுத்துகள் தொங்கும். கோடு நான் போடவில்லை, வாழை போட்டது.

என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிகிறது. ஆனால் எழுத ஆரம்பித்ததும் வேறொன்று நடந்தது. ச, க இரண்டுக்கும் தலை ஏற்கெனவே தட்டை. நரம்பில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன. புள்ளிகளை நரம்புக்கு மேலே வைத்தேன். மராத்தியிலும் தலைக்கோட்டுக்கு மேல் புள்ளி உண்டு. கி-யின் கொக்கி கோட்டைத் தாண்டி மேலே வளைந்தது. அவர்களுக்கும் அப்படி ஒரு வளைவு உண்டு. ப-வும் ய-வும்தான் முரண்டு பிடித்தன. வாய் திறந்த எழுத்துகள். நரம்பு வந்ததும் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டன. அவற்றைப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. ஆனால், உண்மையைச் சொல்கிறேன், பலகை அழகாக இருந்தது. நான் எழுதியதிலேயே அழகான பலகை அது. அதுதான் என்னை இன்னும் கலக்குகிறது. அசிங்கமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

ஷிண்டே தூரத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். உதடு அசைந்தது, நின்றது. கிட்டே வந்தான். மறுபடி தூரமாகப் போனான்.

“என்ன பாய் இது? அங்கேயிருந்து பார்த்தால் என் பாஷை. இங்கேயிருந்து பார்த்தால் உன் பாஷை. நடுவில் நின்றால்?” என்று இந்தியில் கேட்டான்.

“நடுவில் நிற்காதே. பெயிண்ட் காயவில்லை” என்றேன்.

பலகையை மாட்டிய அன்று செல்வியும் வந்தாள். தெருவில் நின்று, யாரும் கேட்காமல், சத்தமாக வாசித்தாள். “இ-சக்-கி-யம்-மாள்.” சாப்பாட்டுக் கடை வரைக்கும் நிற்காமல் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் ஒரு தமிழ்ப் பலகையை அவளாக வாசித்தது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த ஊர்வலத்தில் இரண்டு கடை தள்ளி மலையாளத்துக்காரனின் பலகை போனது. இசக்கியம்மாளின் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் கை கூப்பினான் என்று அவள் சத்தியம் செய்கிறாள். அதை நான் நம்பவில்லை.

இதற்கு நடுவில் விசுவநாதன் என்று ஒருவர் வந்தார். மாட்டுங்காவில் வீடு, ஃபோர்ட் வட்டாரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு பட்டறைக்கே தேடி வந்துவிட்டார்.

“நீங்கதான் பண்ணினேளா? பிரமாதம் சார். ரொம்ப மாடர்ன். பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. இந்த இன்ஸ்பிரேஷன் எங்கேர்ந்து வந்தது?”

“கல்லுலேருந்து” என்றேன்.

“கல்வெட்டா! அதானே பார்த்தேன். சோழாள் காலமா?”

“இல்ல சார். போன மாசத்துக் கல்லு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மதராஸில் விற்கப்போகும் ஒரு கூந்தல் தைலத்துக்கு இதே மாதிரி எழுதித் தர வேண்டும் என்றார். பயந்து எழுதிய எழுத்தைத் தைல பாட்டிலில் ஒட்டி ஊருக்கு அனுப்பினால் நீங்கள் அதைப் பம்பாய் ஸ்டைல் என்பீர்கள். இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

5

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டிக்காரன் வந்து, இந்தி போர்டு என்றான். நான் அவனைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பெயர் தங்கராசு.

இசக்கியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“பாத்தியா தம்பி? இந்த மாசம் பூரா இதான் கதை. கல்லும் வரல்ல, ஆளும் வரல்ல. பெட்டிக்காரன்லாம் நேரா அந்தக் கோடி மெஸ்ஸுக்குப் போயிருதான். நான் இங்கன பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்.”

“நீங்கதான்க்கா கல்லெறியுதவன் வாசிக்கப்படாதுன்னு சொன்னிய.”

“ஊர்க்காரன் வாசிக்கணும்னும் சொன்னேன். அதை எங்க விட்ட? பெயிண்ட் டப்பாவுல போட்டு மூடிட்டியா?”

“கோட்டை இப்பமே அழிச்சிருதேன்” என்று ஏணியைத் தேடினேன்.

“அழிச்சா நாளைக்குக் கல்லு வரும்லா. கூறு கெட்டவனே, ரெண்டுக்கும் சேத்து யோசி.”

தங்கராசு சோற்றைப் பிசைந்துகொண்டே, “அண்ணாச்சி சொல்லுத வரைக்கும் நான் மேல பாக்கவே இல்ல அக்கா. தலையில பெட்டி இருக்கையில மேல எங்க பாக்கதுக்கு? தாதர்ல இருந்து தரையத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்” என்றான்.

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஊர்வலம் போகிறவன் கை வீசி, தலை நிமிர்ந்து, பலகையைப் பார்த்து நடக்கிறான். பெட்டி சுமக்கிறவன் தரையைப் பார்த்து நடக்கிறான். அப்படியானால் தமிழைத் தரையில் எழுதினால் போதும். கடைக்கு ஒரு கருங்கல் படி உண்டு.

“படியில எழுதுதேன்” என்றேன்.

“சீ! எழுத்த மிதிச்சிட்டா சோறு திங்க வருவானுவ? ஒருத்தனும் உள்ள கால் வைக்க மாட்டான். வெளியவே நிப்பான்.”

அது நிஜம். நம் ஆள் காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன். படியின் மேல்முகம் ஆகாது. தெருவைப் பார்த்து நிற்கும் முன்முகத்தில், ஒரு சாண் உயரத்தில் எழுதினால் கால் படாது. பெட்டி சுமந்து வருகிறவனின் கண் நேரே அங்கேதான் விழும்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். தெருவில் சம்மணம் போட்டு, படிக்கு நேராக. இலை கிடையாது, நரம்பு கிடையாது, வித்தை கிடையாது. நூலில் பொடி தடவிப் படியின் அடியில் இழுத்துப் பிடித்து, வேண்டுமென்றே, ஊரில் செய்ததுபோல் கீழே சுண்டினேன். வெள்ளைக் கோடு விழுந்தது. அதன் மேல் கறுப்புக் கல்லில் மஞ்சள் பெயிண்டால் ‘இசக்கியம்மாள் சாப்பாட்டுக் கடை’ என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். செல்வி டப்பாவைப் பிடிக்க வந்தாள். அவளை வேண்டாம் என்று தள்ளி உட்காரச் சொன்னேன். இந்த ஒரு பெயராவது யாருடைய தலைக்கோடும் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எழுந்து, பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

எழுத்துகளின் தலையெல்லாம் ஒரே மட்டத்தில், கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கால்கள்தான் ஒன்றுக்கொன்று சேரவில்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. நான் கீழே சுண்டிய கோடு கீழே தனியாக வெள்ளையாகக் கிடந்தது. ஒரு எழுத்துகூட அதன் மேல் உட்காரவில்லை. கோடே இல்லாத இடத்திலிருந்து எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

“அப்பா, லைன் போட மறந்துட்டியா?” என்றாள் செல்வி.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். இசக்கியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடு. வாசிக்க முடியுதா, அது போதும். ஒன் ஆர்ட்ட நீ பட்டறையில வச்சிக்கோ.”

வாசிக்க முடிகிறது. இந்த வாரம் பெட்டியோடு வந்தவர்கள் படிக்கு முன்னால் நின்று, பெட்டியை இறக்கி, உள்ளே போகிறார்கள். நானே பார்த்தேன். எல்லோரும் படியை மிதிக்காமல் தாண்டுகிறார்கள். அவள் இன்னொரு பெஞ்சு போடப் பார்க்கிறாள். மேலே உள்ள பலகையை யாரும் தொடவில்லை. செல்வி மேலே இருப்பதைத்தான் வாசிக்கிறாள். தங்கராசு கீழே இருப்பதைத்தான் வாசிக்கிறான். இரண்டும் ஒரே பெயர்தான்.

நேற்று தங்கராசு கை கழுவிவிட்டு வந்து படிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் வடக்கத்தியான் எழுதின மாதிரில்லா இருக்கு” என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: “அண்ணாச்சி நீங்க எந்த ஊரு?”

“வள்ளியூர்” என்றேன்.

அவன் படியை ஒரு தடவை பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான்.

“அப்படியா?” என்றான்.